கேனானா, நிக்கானா, சோனியா? ஜெனரல் பாடிக்கு முன் ஒரு பேச்சு

(நம் கம்யூனிட்டி ஹாலில் நடந்த ஞாயிறு சந்திப்பில் ஏ பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். ஃபோட்டோ லேபில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சுக்குப் பிறகு வந்த கேள்விகளில் மூன்றையும் சேர்த்திருக்கிறோம்.)

பின்னால் நிற்கிறவர்கள் உட்காருங்கள், நாற்காலி இருக்கிறது. காபி வந்துகொண்டிருக்கிறது.

செயலாளர் சார் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "சங்கத்துக்கு ஒரு நல்ல கேமரா வாங்கலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்திருக்கிறது. கேனானா, நிக்கானா, சோனியா? நீங்கள் லேபில் இருந்தவராயிற்றே, வந்து சொல்லுங்கள்" என்றார். கொட்டேஷனையும் காட்டினார். பாடி, லென்ஸ், பை, மெமரி கார்டு எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சம். நாம் 84 வீடு. வீட்டுக்குச் சுமார் 1,500 ரூபாய் ஆகிறது. அடுத்த மாதம் ஜெனரல் பாடியில் கை தூக்கப் போகிறவர்கள் நீங்கள். அதனால் கொஞ்சம் விவரமாகவே பேசுகிறேன்.

முதலில் பிராண்டு விஷயத்தை முடித்துவிடலாம். இந்தக் கம்பெனிக்காரர்களுக்குள் நடக்கும் சண்டையைவிட, அவர்கள் கேமராவை வாங்கியவர்களுக்குள் நடக்கும் சண்டை பெரிது. ரஜினி, கமல் மாதிரிதான். ஆனால் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தால் சங்கதி வேறு. டிஜிட்டல் கேமராவில் ஃபிலிம் இருந்த இடத்தில் இருப்பது சென்சார். உலகத்தில் இந்தச் சென்சார் தயாரிப்பில் முதல் இடத்தில் இருப்பது சோனி. நிக்கான் கேமராக்கள் பலவற்றில் இருப்பது சோனி தயாரித்த சென்சார். ஐபோனிலும் அதுதான், ஆப்பிளின் தலைவர் டிம் குக் 2022 டிசம்பரில் ஜப்பான் போனபோது, பத்து வருடத்துக்கு மேலாக சோனியின் சென்சாரைத்தான் வாங்குகிறோம் என்று வெளிப்படையாகவே சொன்னார். கேனான் மட்டும் பெரும்பாலும் தன் சென்சாரைத் தானே செய்துகொள்கிறது. ஆக, நிக்கான்காரர் சோனிக்காரரோடு சண்டை போடுவது, ஒரே மில்லில் அரைத்த மாவை வாங்கிக்கொண்டு போய் யார் வீட்டு தோசை ஒஸ்தி என்று பேசுவது போல. தோசை வித்தியாசப்படும், சந்தேகமே இல்லை. ஆனால் வித்தியாசம் மாவில் இல்லை.

வித்தியாசம் எங்கே என்றால், அந்தச் சென்சார் கொடுக்கிற தகவலை எப்படி நிறமாக மாற்றுகிறார்கள் என்பதில். கேனானில் முகம் கொஞ்சம் சிவந்து, வெதுவெதுப்பாக வரும் என்று கல்யாண ஃபோட்டோகிராபர்கள் சொல்வார்கள். ஃபியூஜி 1934-ல் ஃபிலிம் கம்பெனியாகத் தொடங்கியது, அதனால் தன் பழைய ஃபிலிம்களின் நிறத்தையே கேமராவுக்குள் வைத்துத் தருகிறது. சோனியின் ஃபோகஸ் வேகம், முகத்தையும் கண்ணையும் விடாமல் பிடிக்கும். இப்போது கேனானும் நிக்கானும் அந்த விஷயத்தில் கிட்டத்தட்ட வந்துவிட்டார்கள். கையில் பிடிக்கிற சுகம் ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி. இன்னொரு வேடிக்கை: லென்ஸை மாட்ட கேனானில் ஒரு பக்கம் திருக வேண்டும், நிக்கானில் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். இருபது வருடம் நிக்கான் வைத்திருந்தவர் கையில் கேனானைக் கொடுத்தால், இடது கைப்பழக்கக்காரருக்கு வலது கையில் பேனா கொடுத்த மாதிரி முழிப்பார்.

இந்த வித்தியாசமெல்லாம் தினமும் கேமராவைத் தொடுகிறவருக்குத் தெரியும். வருடத்தில் ஆறு நாள் வெளியே எடுக்கப்போகிற நமக்கு? லேபில் நாளுக்கு ஆயிரக்கணக்கில் பிரிண்ட் என் கைவழியாகப் போயிருக்கிறது. பிரிண்டைப் பார்த்து இது இன்ன கம்பெனி கேமரா என்று என்னால் சொல்ல முடிந்ததில்லை. ஃபோகஸ் தவறியிருக்கிறதா, கை ஆடியிருக்கிறதா, வெளிச்சம் போதவில்லையா என்பது மட்டும் ஒரு நொடியில் தெரியும்.

பிராண்டு பார்க்க வேண்டிய ஒரே இடம் லென்ஸ். ஒரு கம்பெனியின் லென்ஸ் இன்னொன்றில் உட்காராது. பாடி ஐந்து ஆறு வருடத்தில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் இருபது வருடம் உழைக்கும். ஆகவே முதல் கேமராவை வாங்கும்போதே அடுத்து வாங்கப்போகிற லென்ஸையும் முடிவு செய்துவிடுகிறீர்கள், பெண் கொடுத்து சம்பந்தி வைத்துக்கொள்வது மாதிரி. சோனி தன் லென்ஸ் இணைப்பின் விவரத்தை 2011-லேயே மற்ற கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டதால், சிக்மா, டாம்ரான் என்று விலை குறைந்த லென்ஸ்கள் அதற்கு நிறைய. கேனான் தன் புதிய வகைக்கு வெகுநாள் கதவை மூடி வைத்திருந்து, 2024-ல்தான் சிறிய சென்சார் கேமராக்களுக்கு மட்டும் கொஞ்சம் திறந்தது. இதெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் யாராவது என்னிடம் தனியாக வந்து கேட்டால் நான் சொல்வது வேறு: உங்கள் மாடியில் யார் வீட்டில் கேமரா இருக்கிறதோ, அதே கம்பெனியை வாங்குங்கள். லென்ஸைக் கடன் வாங்கலாம். சந்தேகம் வந்தால் செருப்பு மாட்டிக்கொண்டு போய் கேட்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பதற்கு இதைவிட என்ன லாபம்!

கம்பெனிப் பெயரில் ரொம்ப நம்பிக்கை வைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தது யார் தெரியுமா? கோடாக். 1975-ல், ஸ்டீவன் சாஸன் என்ற இன்ஜினியர். 10,000 புள்ளிதான் படம். ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி. அதைக் கண்டுபிடித்த கம்பெனியே ஃபிலிம் வியாபாரத்தை விட மனசில்லாமல் இருந்து, 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. எங்கள் லேபில் மஞ்சள் போர்டு இறங்கிய நாள் எனக்கு இன்னும் நினைவு இருக்கிறது. மினோல்டா கேமரா தொழில் 2006-ல் சோனிக்குப் போயிற்று. ஒலிம்பஸ் 2021-ல் கேமராப் பிரிவையே விற்றுவிட்டது. உலகம் முழுக்க 2010-ல் 12 கோடி டிஜிட்டல் கேமரா கப்பலேறியது. 2020-ல் அது ஒரு கோடிக்கும் கீழே வந்துவிட்டது. எல்லாம் போன் செய்த வேலை.

சரி, அப்படியானால் கருவி முக்கியமே இல்லையா? "கேமராவில் என்ன சார் இருக்கிறது, பார்க்கிற கண்ணில்தான் எல்லாம்" என்று ஒரு வசனம் உண்டு. கவனித்துப் பாருங்கள், அதைச் சொல்பவர் கழுத்தில் மூன்று லட்ச ரூபாய் தொங்கிக்கொண்டிருக்கும். எனக்கு அந்த வசனம் பிடிக்காது. பாதி உண்மை அது.

கருவி முக்கியமாகிற இடம் எனக்குத் தெரிந்து இரண்டு. ஒன்று தூரம். பள்ளிக்கரணையில் பூநாரை வந்திருக்கிறது, வேடந்தாங்கலில் கூழைக்கடா கூடு கட்டியிருக்கிறது என்று போனை எடுத்துக்கொண்டு போனால் வெள்ளைப் புள்ளிதான் கிடைக்கும். அதற்கு நீளமான லென்ஸ் வேண்டும், வேறு வழியே கிடையாது. இரண்டாவது, வெளிச்சம் குறைந்த இடத்தில் அசைகிற பொருள். உங்கள் பெண் சபாவில் ஆடுகிறாள். கையும் காலும் கலங்காமல் வர ஷட்டர் ஒரு நொடியில் 250-ல் ஒரு பங்குதான் திறந்து மூட வேண்டும். அவ்வளவு குறைந்த நேரத்தில் போதுமான வெளிச்சம் உள்ளே வர பெரிய சென்சாரும் அகன்று திறக்கிற லென்ஸும் தேவை. ஃபுல் ஃபிரேம் என்கிறார்களே, அந்தச் சென்சார் 36 மில்லிமீட்டருக்கு 24. பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். நல்ல விலையுள்ள போனில்கூட அது 70-லிருந்து 120-க்குள்தான். ஆடி மழையில் முற்றத்தில் அண்டாவும் டம்ளரும் வைத்தால் எதில் அதிகம் தண்ணீர் சேரும்? அதே கணக்கு.

போன் இதை ஒரு தந்திரத்தால் சமாளிக்கிறது. நீங்கள் ஒரு தடவை தொட்டால் அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றாக்கிக் கொடுக்கிறது. அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அது பிரமாதமாக வேலை செய்யும். ஆடுகிற பெண்ணுக்கு நாலு கை வரும். நடராஜருக்குச் சரி, நம் பெண்ணுக்கு வேண்டாம்.

இதே வகையில் இன்னொரு சங்கதி. உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் அறுபதுகளில் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்கள் இருக்கும். பலவும் அக்ஃபா கிளிக் 3 என்ற மலிவான பெட்டிக் கேமராவில் எடுத்தவை. லென்ஸ் சாதாரணம்தான், ஆனால் படம் அவ்வளவு தெளிவாக இருக்கிறதே, எப்படி? அதன் நெகட்டிவ் சதுரமாக, பக்கத்துக்கு ஆறு சென்டிமீட்டர் அளவில் இருக்கும். இன்றைய ஃபுல் ஃபிரேமைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல் பரப்பு. அப்பாவுக்குக் கேமரா ஞானம் இருந்ததா இல்லையா என்பது வேறு. அளவு அவருக்கு உதவி செய்திருக்கிறது. ஆகவே கருவி முக்கியமில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் கருவியில் எது முக்கியம் என்பதைக் கடைக்காரர் முடிவு செய்யக் கூடாது. நம் ஊரில் இருந்த மா. கிருஷ்ணனைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? 1912-லிருந்து 1996 வரை வாழ்ந்தவர், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். காட்டுயிர்களைப் பற்றி நாற்பது வருடத்துக்கு மேல் இடைவிடாமல் பத்திரிகையில் எழுதினார், படம் எடுத்தார். யானைகளை அவர் எடுத்த படங்கள் உலகத்தரமானவை. அவர் வைத்திருந்த கேமரா எந்தக் கம்பெனி? ஒரு கம்பெனியும் இல்லை! பாடி ஒன்றினுடையது, லென்ஸ் இன்னொன்றினுடையது, மிச்சமெல்லாம் அவரே சேர்த்துக் கட்டியது. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று தானே பெயர் வைத்துக்கொண்டார். கலர் ஃபிலிம் பக்கமே போகவில்லை, கடைசிவரை கருப்பு வெள்ளைதான். இதில் நான் கவனிப்பது என்னவென்றால், அவர் கருவியை அலட்சியம் செய்யவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்திருந்தது. அது கடையில் கிடைக்காததால் தானே செய்துகொண்டார். நமக்கு என்ன வேண்டும் என்று நாம் இன்னும் யோசிக்கவில்லை. அதற்குள் கொட்டேஷன் வந்துவிட்டது.

யோசிக்கலாம் என்று போன பொங்கல் விழாவுக்கு நம் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த படங்களை உட்கார்ந்து பார்த்தேன். நானூறு சொச்சம். நல்லா வரவில்லை, அதனால்தான் கேமரா வேண்டும் என்று பேச்சே ஆரம்பித்தது. ஏன் நல்லா வரவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், போனின் சென்சாரால் கெட்ட படம் கை விரல்விட்டு எண்ணலாம். மிச்சமெல்லாம் வேறு காரணம்.

நம் ஹால் மேடைக்குப் பின்னால் பெரிய ஜன்னல். வெளியே பளீரென்று வெயில். அதற்கு முன்னால் ஆட்களை நிறுத்தினால் எந்தக் கேமராவும் வெளியே இருக்கிற வெயிலுக்குத்தான் கணக்குப் போடும். முகம் கரிக்கட்டையாகும். ஒன்றேகால் லட்ச ரூபாய் கேமராவும் அதையேதான் செய்யும். நாம் திரும்பி நின்றுகொண்டால் போதும், அல்லது 300 ரூபாய்க்கு ஒரு திரை.

மேடையில் கலர் எல்இடி. சிவப்பு, நீலம், ஊதா. சின்னக் குழந்தைகள் கும்மி அடிக்கிற படத்தில் அத்தனை முகமும் கத்தரிக்காய் நிறம். அலங்காரத்துக்குப் பின்சுவரில் போடுங்கள், முகத்தில் அடிக்காதீர்கள் என்று டெக்கரேஷன்காரரிடம் சொல்ல வேண்டும். ஹாலில் இருக்கிற மலிவு எல்இடி டியூப்களிலும் குறை இருக்கிறது. வெளிச்சம் நிறையத் தரும், ஆனால் நிறத்தைச் சரியாகக் காட்டாது. நம் மாநிறம் அதில் சாம்பல் பூத்தமாதிரி தெரியும். விளக்கு அட்டைப்பெட்டியில் சிஆர்ஐ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 90-க்கு மேல் இருந்தால் நிறம் உண்மையாக வரும். அத்துடன், சில எல்இடி நொடிக்கு 100 தடவை மினுக்கும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அப்படி. கண்ணுக்குத் தெரியாது, வீடியோவில் கோடு கோடாக ஓடும். கும்மி வீடியோவில் ஓடியதே, அதுதான்.

பிறகு லென்ஸில் எண்ணெய். சிரிக்காதீர்கள். பொங்கல் சாப்பிட்ட கையோடு போனை எடுக்கிறோம். படம் முழுக்கப் புகை மூட்டம். எடுக்கும் முன் வேட்டி நுனியால் ஒரு துடை.

நிறத்தைப் பற்றிச் சொன்னேன், அதை அப்படியே விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. கேமரா என்பது ஆரம்பத்திலிருந்தே நம்மை மனதில் வைத்துச் செய்த கருவி இல்லை. கலர் பிரிண்ட் லேபுகளில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் ஒரு அட்டை கொடுக்கும், ஷெர்லி கார்டு என்று பெயர். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் படம். அவள் முகம் சரியாக வந்தால் மெஷின் சரி என்று அர்த்தம். பல்லாண்டு காலம் உலகம் முழுக்க அதுதான் அளவுகோல். டிஜிட்டல் வந்த பிறகும் கருத்த நிறத்தைக் கவனித்துச் செய்ய வெகு நாள் ஆயிற்று. கூகுள் தன் பிக்ஸல் போனில் 'ரியல் டோன்' என்று இதற்காகவே ஒரு முயற்சியைக் கொண்டுவந்தது 2021-ல்தான். நடுவில் என்ன ஆயிற்று? பல போன்களில் 'பியூட்டி' என்று ஒன்றை வைத்துவிட்டார்கள். நம் முகத்தை வெளுக்கிறது, சுருக்கத்தை அழிக்கிறது. எழுபது வயது மாமிக்கு மைதா மாவில் பிடித்த முகம் மாதிரி ஒன்று வருகிறது. வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டிய முதல் காரியம், கேமரா செட்டிங்கில் அதைத் தேடி அணைப்பது. இரண்டாவது, எடுக்கும்போது திரையில் முகத்தின் மேல் விரலால் தொடுங்கள். போன் அந்த முகத்துக்குக் கணக்குப் போடும். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சுவரும் படத்தை நிறைத்தால் கேமரா ஏமாந்து எல்லாவற்றையும் இருட்டாக்கும். அப்போது தொட்ட இடத்தின் பக்கத்தில் சின்ன சூரியன் படம் வரும், அதைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள்.

மெகாபிக்ஸல் பற்றி ஒரு வார்த்தை. 6-க்கு 4 அங்குல பிரிண்டுக்கு 2 மெகாபிக்ஸல் தாராளம். ஏ4 அளவுக்கு 9. 4கே டிவி முழுத் திரையே 8 மெகாபிக்ஸல்தான். 200 என்று போன் விளம்பரத்தில் போட்டிருப்பதைப் பார்த்து யாரும் கடன் வாங்க வேண்டாம். அதைவிட, வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரிண்ட் போடுகிற எண்ணம் இருந்தால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

கமிட்டிக்கு என் யோசனை இது. கேமரா வேண்டாம். யார் வீட்டில் வைப்பது, யார் சார்ஜ் போடுவது, கீழே விழுந்தால் யார் பொறுப்பு, இதற்கே நாலு மீட்டிங் ஆகும். நம் ஊர் ஈரக்காற்றில் பீரோவில் பூட்டி வைத்தால் ஒரு மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். அதைக் காப்பாற்ற ஈரம் உறிஞ்சும் டப்பா வேறு வேண்டும். அந்தப் பணத்தில் சின்னப் பங்கை எடுத்து, ஹால் மேடைக்கு முன்னால் நல்ல சிஆர்ஐ உள்ள இரண்டு விளக்கு, ஜன்னலுக்குத் திரை. அதற்குப் பிறகு 84 வீட்டுப் போனும் நல்ல கேமராதான். ஆண்டு விழா நாட்டியத்துக்கு மட்டும் ஒரு ஃபோட்டோகிராபரை ஒரு நாள் கூப்பிட்டுக்கொள்ளலாம். கருவி முக்கியம் என்று நான் சொன்ன இடத்தில் கருவியோடு அவர் வருவார்.

இன்னொரு விஷயத்துக்காகத்தான் இன்று பேச ஒப்புக்கொண்டேன்.

லேபில் ஒரு வேலை எங்களுக்கு வாரம் தவறாமல் வரும். காலை கடை திறப்பதற்கு முன்பே வாசலில் ஒருவர் நிற்பார். இராத்தூக்கம் இல்லாத முகம். கையில் ஒரு கல்யாண குரூப் ஃபோட்டோ, அல்லது போனில் ஒரு படம். "இதில் மூணாவது வரிசையில் நிக்கிறாரே, அவரை மட்டும் எடுத்துப் பெரிசு பண்ணித் தரணும். மத்தியானத்துக்குள் வேணும்" என்பார். அவர் தலை அந்தப் படத்தில் மிளகு அளவுதான் இருக்கும். பாதிக் கன்னத்தை முன்னால் நிற்பவரின் கொண்டை மறைத்திருக்கும். எப்படியோ வெட்டி, பின்னால் நீல வானம் போட்டு, சட்டைக்கு கோட் மாட்டிக் கொடுப்போம். வாங்கிப் பார்ப்பார்கள். ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அது அவர் முகம் இல்லை என்று அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்தப் படம்தான் பதினாறாம் நாள் அழைப்பில், பேப்பரில், பிறகு முப்பது வருடம் ஹாலில், மாலையோடு.

அவர்கள் வீட்டில் கேமரா இல்லாமல் இல்லை. பல வீட்டில் வெளிநாட்டிலிருந்து வந்த விலையுயர்ந்த கேமராவே இருந்தது. அப்பாதான் எப்போதும் கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்தார், அதனால் எந்தப் படத்திலும் அவர் இல்லை. அல்லது அம்மா, "எனக்கெதுக்கு இப்போ, தலைகூட வாரல" என்று நகர்ந்துவிட்டார். அவ்வளவுதான். இப்போதும் போனில் பத்தாயிரம் படம் இருக்கிறது. சாப்பாடு, பூனை, மழை எல்லாம் இருக்கிறது. அம்மா தனியாக, நேராகப் பார்த்து, தெளிவாக இருக்கிற படம் எத்தனை என்று தேடிப் பாருங்கள்.

நம் குடியிருப்பில் எழுபது தாண்டியவர்கள் நாற்பது பேருக்குக் குறையாமல் இருக்கிறோம். என்னையும் சேர்த்துத்தான். பி பிளாக் இரண்டாவது மாடி நடைபாதை வடக்குப் பார்த்தது. காலையில் அங்கே வரும் வெளிச்சம் எந்த ஸ்டுடியோவிலும் கிடையாது; நிழல் அடிக்காமல், கண் கூசாமல், முகத்தில் மெதுவாகப் படியும். ஒரு ஸ்டூல், பின்னால் ஒரு சாம்பல் நிறப் போர்வை. வேறு ஒன்றும் தேவையில்லை. எடுக்கப்போவது உங்கள் பிள்ளைகள் போனில்தான், நான் பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறேன். முகத்துக்கு அருகில் போனைக் கொண்டுபோகக் கூடாது, மூக்கு பெரிதாகும். ஆறேழு அடி தள்ளி நின்று 2 என்று இருக்கிற ஜூமைத் தொட வேண்டும். கண் மட்டத்தில் பிடிக்க வேண்டும். ஒன்று எடுத்துவிட்டு ஓடக் கூடாது. முதல் ஐந்து படத்தில் எல்லாருக்கும் ஆதார் கார்டு முகம்தான் வரும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பத்தாவது படத்தில் அந்த மனிதர் வந்துவிடுவார்.

கேள்விகள் சில:

சி பிளாக் மேடம் ஒருவர்: என் பெண் விஸ்காம் இரண்டாம் வருடம். மிரர்லெஸ்தான் வேண்டும், இஎம்ஐ-யில் வாங்கலாம் என்கிறாள். வாங்கலாமா?

முதலில் கல்லூரியில் என்ன கம்பெனி வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். லென்ஸ் அங்கேயே கிடைக்கும். கேனானும் நிக்கானும் மிரர்லெஸ்ஸுக்கு மாறிவிட்டதால் பழைய டிஎஸ்எல்ஆர் நல்ல நிலையில் விலை குறைந்து கிடைக்கிறது. படிக்க அது போதும். கூடவே 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் ஒன்று. கேமராவோடு இலவசம் போலத் தருகிற ஜூம் லென்ஸ் முழுக்க நீட்டினால் எஃப் 5.6-ல் நின்றுவிடும், இது அதைவிடப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும், விலையும் லென்ஸ்களில் குறைந்த வரிசைதான். செகண்ட் ஹேண்டு வாங்கும்போது லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம் என்று வந்துவிடுங்கள். புதிது வாங்கினால் இந்திய வாரண்டி உள்ள பில் கேளுங்கள்; பத்து சதவீதம் குறைவு என்று பில் இல்லாமல் தருபவர்களிடம் வாங்கினால் சர்வீஸ் சென்டரில் கையை விரிப்பார்கள். மூன்று வருட இஎம்ஐ வேண்டாமம்மா. படிப்பு முடிகிறபோது கேமரா பழசாகியிருக்கும், கடன் புதிதாக இருக்கும்.

ஏ பிளாக் சார் ஒருவர்: பழைய ஆல்பத்தில் பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் ஒட்டியிருக்கிற படங்களை என்ன செய்வது? மஞ்சளாகிறது.

பிய்க்காதீர்கள், கிழியும். ஒட்டின நிலையிலேயே, நிழலான வெளிச்சத்தில், நேர் மேலிருந்து போனால் முதலில் படம் எடுத்துவிடுங்கள். நெகட்டிவ் இருக்கிறதா என்று பரணில் தேடுங்கள். இருந்தால் அதுதான் சொத்து, பிரிண்டைவிட அதில் விவரம் அதிகம். லேமினேஷன் மட்டும் எந்தக் காலத்திலும் செய்யாதீர்கள்.

ஒரு தம்பி: ஐபோனா, ஆண்ட்ராய்டா அங்கிள்?

அப்பா யார் பில் கட்டுகிறாரோ அவரைக் கேள். சென்சாரைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வருகிற இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் காலை 7 மணியிலிருந்து 9 வரை பி பிளாக் நடைபாதையில் இருப்பேன். செக்யூரிட்டி மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், ஃபிளாட் எண்ணும் நேரமும் எழுதுங்கள். இறங்கி வர முடியாதவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள், வீட்டுக்கு வருகிறோம். வடக்கு ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி மட்டும் போட்டு வையுங்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் புடவை தவிர்த்தால் நல்லது. கோட் வேண்டாம். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு வாருங்கள், கழற்றிவிட்டு உட்கார்ந்தால் பேரப்பிள்ளைக்கு அடையாளம் தெரியாது.